கல்லூரியில் கால்நடை மன்றம்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கல்லூரிக்கு வரும் மாணவ மாணவியரில் பலர், காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, பால் கேனைச் சங்கத்தில் இறக்கிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள். எந்த மாடு சினைக்கு நிற்கவில்லை, எந்த ஆடு இரை எடுக்கவில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆனால் கல்லூரி வாசலைத் தாண்டியதும் அந்த அறிவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தமிழ் மன்றம் இருக்கிறது, நுகர்வோர் மன்றம் இருக்கிறது, வினாடி வினா மன்றம் இருக்கிறது. வீட்டுக்குச் சோறு போடும் மாட்டைப் பற்றிப் பேச மட்டும் ஒரு மன்றம் இல்லை. அது இருக்க வேண்டும் என்பதற்காகவும், எப்படி நடத்தினால் உருப்படியாக நடக்கும் என்பதற்காகவும் இதை எழுதுகிறேன்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இத்தகைய மன்றங்கள் நூறாண்டைக் கடந்தவை. 'பிளாக் அண்ட் பிரைடில்' என்ற மாணவர் அமைப்பு 1919இல் தொடங்கியது. கால்நடைகளைத் தரம் பார்த்து வரிசைப்படுத்தும் போட்டி, மாணவர்களே வளர்த்த விலங்குகளின் கண்காட்சி, பண்ணைகளுக்குப் பயணம் என்று இன்றும் நடந்து வருகிறது. அங்கே இவை பெரும்பாலும் விலங்கு அறிவியல் துறை மாணவர்களுக்கானவை. நம் பக்கம் ஓசூர் மத்திகிரியில் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. சேலத்துக்கு அப்பால் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் மாடும் ஆடும் உள்ள வீட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பது கலை அறிவியல் கல்லூரிகளில்தான். ஆகவே இந்த வழிகாட்டியைத் தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவியும் வணிகவியல் படிக்கும் மாணவனும் பயன்படுத்தும்படி எழுதியிருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கால்நடை மன்றத்தின் உயிர் விழா மேடையில் இல்லை. ஒரே ஊருக்கு, ஒரே வீடுகளுக்கு, ஒரே மாடுகளிடம் திரும்பத் திரும்பப் போவதிலும், பார்த்ததை ஒரு நோட்டில் எழுதி வைப்பதிலும் இருக்கிறது. கீழே வரும் படிகள் எல்லாம் அதை ஒட்டியவைதான்.

முதல் படி: அனுமதியும் ஆட்களும்

பொறுப்பாசிரியர் ஒருவர் வேண்டும். விலங்கியல் துறையில் கிடைத்தால் நல்லது. ஆனால் வீட்டில் மாடு வைத்திருக்கும் கணிதப் பேராசிரியர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஊருக்கு வரச் சம்மதிப்பவரே சரியான ஆள். முதல்வருக்கு எழுதும் கடிதத்தில் மன்றத்தின் நோக்கம், போகப்போகும் ஊர், உடன் வரும் ஆசிரியர், மாணவர் பாதுகாப்புக்கான ஏற்பாடு ஆகிய நான்கையும் ஒரே பக்கத்தில் சொல்லிவிடுங்கள்.

நாட்டு நலப்பணித் திட்டத்தோடு சேர்ந்து செய்தால் பாதி வேலை எளிதாகும். அந்தத் திட்டத்தில் இருக்கும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. அந்த முகாமை உங்கள் மன்றம் தேர்ந்தெடுத்த ஊரிலேயே நடத்தும்படி திட்ட அலுவலரிடம் கேளுங்கள்.

அடுத்து, அந்த ஊருக்கு உட்பட்ட கால்நடை மருந்தகத்தின் உதவி மருத்துவரைப் போய்ப் பாருங்கள். சங்கோசம் வேண்டாம். தடுப்பூசி முகாம் நாட்களில் மாட்டைப் பிடிக்கவும், காது வில்லையின் 12 இலக்க எண்ணைப் பார்த்துச் சொல்லவும், பெயர் எழுதவும் ஆள் கிடைத்தால் எந்த மருத்துவரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். அதற்குப் பதிலாக மாதம் ஒரு மணி நேரம் உங்களுக்குக் கற்றுத்தரச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு எல்லைக்கோட்டைப் போட்டுவிட வேண்டும். 1984ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் சிகிச்சை செய்யலாம். மன்ற உறுப்பினர் ஊசி போடக் கூடாது, மருந்து எழுதித் தரக் கூடாது, "போன தடவை டாக்டர் இதைத்தான் கொடுத்தார்" என்று கடையில் வாங்கியும் கொடுக்கக் கூடாது. பார்ப்பது, அளப்பது, எழுதுவது, நேரத்துக்குச் சொல்வது ஆகியவை மட்டுமே மாணவர் வேலை. அவசரத்துக்கு 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம். அந்த எண்ணை ஒவ்வொரு தொழுவத்தின் தூணிலும் எழுதி வைப்பதே மன்றத்தின் முதல் நாள் வேலையாக இருக்கட்டும்.

இரண்டாம் படி: ஓர் ஊர், ஒரு நோட்டு

கல்லூரியிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்வரக்கூடிய ஊராகப் பாருங்கள். பத்துப் பதினைந்து வீடுகள், முப்பது நாற்பது மாடுகள் போதும். அதிகமாக எடுத்தால் இரண்டாம் மாதமே நோட்டில் பக்கங்கள் வெறுமையாகிவிடும்.

ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பக்கம். மேலே காது வில்லை எண், வீட்டில் கூப்பிடும் பெயர், நிறம், கொம்பின் வாகு, எத்தனையாவது ஈற்று (எத்தனை முறை கன்று ஈன்றது). கீழே தேதிவாரியாகக் குறிப்புகள்: கன்று ஈன்ற நாள், சினைப்பருவம் தெரிந்த நாள், சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்ட நாள், தடுப்பூசி, குடற்புழு நீக்கம், காலை மாலைப் பால் அளவு, தீவனம். வீட்டுக்காரரின் பெயரை நோட்டில் எழுதினால் போதும். அதைப் படம் எடுத்து வெளியே பகிரக் கூடாது. எந்த வீட்டில் எவ்வளவு பால் என்பது அந்த வீட்டின் வரவு செலவு.

இந்த நோட்டு எப்படிப் பயன்படும் என்பதற்கு ஒரே ஒரு கணக்கு. மாட்டின் சினைப்பருவச் சுழற்சி சுமார் 21 நாள். காளைக்குக் கத்துவது, வாலைத் தூக்குவது, கண்ணாடிபோல் வழவழப்பான திரவம் ஒழுகுவது, மற்ற மாட்டின் மேல் தாவுவது ஆகியவை அதன் அறிகுறிகள். சில மாடுகளில் இவை இரவிலேயே வந்து போய்விடும். சிலவற்றில் வெளியே தெரியாமலே போய்விடும். ஒரு பருவம் தவறினால் 21 நாள் தீவனம் வீண். கன்றும் பாலும் அதே அளவு தள்ளிப்போகின்றன. இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டில் இப்படி மூன்று நான்கு பருவங்கள் கைநழுவினால் அந்த ஆண்டுச் சம்பாத்தியமே ஆட்டம் காணும்.

நோட்டில் போன பருவத்தின் தேதி இருந்தால் மாணவர் செய்ய வேண்டியது மிக எளிது. 18ஆம் நாளே அந்த வீட்டுக்குப் போய், "அக்கா, இன்றிலிருந்து நாலு நாளைக்குக் காலையிலும் ராத்திரி படுக்கப் போகும் முன்பும் மாட்டை ஒரு பார்வை பாருங்கள்" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். காலையில் அறிகுறி தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் ஊசி என்பது பொதுவான கணக்கு. ஊசி போட்ட பிறகு மறுபடி 18ஆம் நாள் போய்ப் பார்க்க வேண்டும். மாடு திரும்பப் பருவத்துக்கு வரவில்லை என்றால் சினைப் பரிசோதனைக்கு மருத்துவரிடம் நாள் கேட்க வேண்டும். சினைக்காலம் சுமார் 280 நாள் என்பதால் ஈனும் தேதியையும், பால் வற்றவிட வேண்டிய தேதியையும் அப்போதே குறித்து வைக்கலாம். ஆட்டுக்கு ஏறக்குறைய 150 நாள்.

இதைச் செய்ய எந்தப் பட்டமும் வேண்டாம். தவறாமல் போகிற கால்களும் பொய் எழுதாத கையும் வேண்டும். ஒரு வாரம் போகவில்லை என்றால் "போகவில்லை" என்றே எழுதுங்கள். அங்கே ஒரு எண்ணை இட்டு நிரப்பினால் மொத்த நோட்டும் பயனற்றுப் போய்விடும்.

பேசும் விதத்தையும் சொல்ல வேண்டும். தொழுவத்துக்குள் நுழையும் முன் வாசலில் நின்று கேளுங்கள். பெரியவர்களைப் பெரியப்பா, அம்மா, தாத்தா என்று முறை வைத்துக் கூப்பிடுங்கள். கறவை நேரத்தில் போனால் ஓரமாக நில்லுங்கள். புது ஆளைக் கண்டால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் பல வீடுகளில் பேச்சு தெலுங்கிலோ கன்னடத்திலோ இருக்கும். அந்த மொழி தெரிந்த உறுப்பினர் ஒருவரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். மாட்டைப் பற்றிய நுட்பமான விஷயங்களை யாரும் தாய்மொழியில்தான் சொல்வார்கள்.

மூன்றாம் படி: கைப்பழக்கம்

மன்றம் தொடங்கிய முதல் கல்விப் பருவத்துக்குள் ஒவ்வொரு உறுப்பினரும் நான்கு வேலைகளைக் கற்றுவிட வேண்டும்.

எடை கணிப்பது. தராசு தேவையில்லை, தையல்காரர் நாடா போதும். திமிலுக்குப் பின்னால், முன்னங்கால்களை ஒட்டி நெஞ்சைச் சுற்றி அளக்க வேண்டும். பிறகு தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு முனை வரை நீளம். இரண்டையும் அங்குலத்தில் எடுத்துக்கொண்டு, நெஞ்சுச் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 60, நீளம் 54 என்றால் 60 x 60 x 54 = 1,94,400. வகுத்தால் ஏறக்குறைய 295 கிலோ. மாடு நான்கு கால்களையும் சமமாக ஊன்றி, தலையை நேராக வைத்து நிற்கும்போது அளக்க வேண்டும். நாடா தளர்ந்திருந்தாலும் இறுகினாலும் கணக்கு கெடும். குடற்புழு மருந்தின் அளவை மருத்துவர் எடையை வைத்துத்தான் சொல்வார் என்பதால் இந்த எண் உடனே பயன்படும்.

பல் பார்த்து வயது சொல்வது. மாட்டுக்குக் கீழ்த்தாடையில் மட்டும்தான் முன்பற்கள். பால்பற்கள் சிறியவை, நிலைப்பற்கள் அகலமானவை. முதல் ஜோடி நிலைப்பல் இரண்டு, இரண்டரை வயதில் முளைக்கும். பிறகு நாலு பல், ஆறு பல் என்று ஏறி, ஐந்து வயதை ஒட்டி எட்டுப் பல்லும் சேர்ந்துவிடும். ஆட்டுக்கு இது விரைவாக நடக்கும். ஒன்று, ஒன்றரை வயதிலேயே இரண்டு பல் போட்டுவிடும். சந்தையில் "பல் போடாதது", "கடை சேர்ந்தது" என்று சொல்வதெல்லாம் இந்தக் கணக்குதான்.

உடல் வெப்பம் பார்ப்பது. ஆசனவாயில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். மாட்டுக்கு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பு. ஆட்டுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல். வெயிலில் மேய்ந்து வந்த உடனே பார்த்தால் அளவு ஏறித்தான் இருக்கும். நிழலில் நிறுத்தி, சிறிது நேரம் விட்டுப் பாருங்கள்.

நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: மறைந்திருக்கும் மடிநோயைக் கண்டுபிடிப்பது. மடி வீங்கி, பால் திரிந்து வந்தால் யாருக்கும் தெரியும். வெளியே ஒன்றும் தெரியாமல் பால் அளவு மட்டும் மெல்லக் குறைவதுதான் அதிக நட்டம் தருவது. ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் துணி சோப்புத் தூளைக் கரைத்துக்கொள்ளுங்கள். நான்கு சிறிய கிண்ணங்களை எடுத்து, எது எந்தக் காம்புக்கு என்று குறித்து வையுங்கள். முதல் இரண்டு மூன்று பீச்சல்களைத் தனியாக ஒரு பாத்திரத்தில் விட்டுவிட்டு, பிறகு ஒவ்வொரு காம்பிலிருந்தும் கொஞ்சம் பால், அதே அளவு சோப்புக் கரைசல். கிண்ணத்தை வட்டமாக மெல்லச் சுழற்றுங்கள். நல்ல பால் தண்ணீராகவே ஓடும். நோய் உள்ள காம்பின் பால் சில நொடிகளில் கொழகொழப்பாகி, கிண்ணத்தைச் சாய்த்தால் ஒரு கட்டியாக நழுவும். முட்டை வெள்ளைக்கருவைப் பார்ப்பதுபோல் இருக்கும். அதைத் தன் கண்ணால் பார்த்த வீட்டுக்காரருக்கு மடியைக் கழுவித் துடைத்துக் கறக்க வேண்டியதன் காரணத்தை நீங்கள் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கன்று ஈன்ற முதல் சில நாட்களிலும் பால் வற்றும் தறுவாயிலும் இந்தச் சோதனை தவறாகக் காட்டும், அப்போது செய்யாதீர்கள். சோதித்த பாலைத் தொழுவத் தரையில் ஊற்றாமல் தள்ளிக் கொண்டுபோய்க் கொட்டுங்கள். கிண்ணத்தில் பால் தடித்த காம்பின் விவரத்தை மருத்துவரிடம் சேருங்கள். அதோடு உங்கள் வேலை முடிந்தது.

நான்காம் படி: சந்தைக்குப் போவது

நம் இரண்டு மாவட்டங்களின் வாரச்சந்தைகளைப்போல் ஒரு பாடசாலை வேறெங்கும் கிடைக்காது. ஞாயிறு போச்சம்பள்ளி, செவ்வாய் காரிமங்கலம், வெள்ளி குந்தாரப்பள்ளி. குந்தாரப்பள்ளிக்கு ஆடுகளைப் பார்க்கவே போகலாம். விடியும் முன் போய்விடுங்கள். வெயில் ஏறினால் நல்ல உருப்படிகள் கைமாறிவிடும்.

முதல் இரண்டு முறை எதுவும் கேட்காதீர்கள், பாருங்கள். துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்து விலை பேசுவதைப் பாருங்கள். தரகர் எந்தப் பக்கம் நின்று பேசுகிறார், வாங்குபவர் மாட்டை நடக்கவிட்டுப் பார்க்கிறாரா, மடியைத் தொட்டுப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். சுழி பார்த்து விலையைக் குறைப்பதையும் பார்ப்பீர்கள். நெற்றிச் சுழிக்கும் பால் அளவுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் சுழிக்கும் விலைக்கும் தொடர்பு இருக்கிறது. வாங்கப் போகும் குடும்பத்துக்கு இந்த இரண்டுமே தெரிந்திருக்க வேண்டும். மூன்றாம் முறையிலிருந்து விலைப் பட்டியல் எடுங்கள்: இனம், பல், மதிப்பிட்ட எடை, சொன்ன விலை, முடிந்த விலை. வணிகவியல் மாணவர்களுக்கு இதைவிட நல்ல களப்பணி கிடையாது. இரண்டு கல்விப் பருவம் தொடர்ந்து எடுத்த பட்டியலை வைத்து, ஆடிக்கும் பொங்கலுக்கும் ரம்ஜான், பக்ரீத் பண்டிகைகளுக்கும் விலை எப்படி நகர்கிறது என்று ஊர்க்காரருக்கே காட்டலாம்.

இனங்களை அடையாளம் காணவும் சந்தைதான் சரியான இடம். ஓசூர், அஞ்செட்டி மலையோரங்களின் ஹள்ளிகார், காவிரிக் கரையிலுள்ள ஆலம்பாடியின் பெயரைத் தாங்கிப் பென்னாகரம் பகுதியில் வளரும் ஆலம்பாடி மாடு, மேச்சேரி செம்மறி, சேலம் கறுப்பு வெள்ளாடு ஆகிய நான்கையும் தூரத்திலேயே பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். பர்கூர் மாடு நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூரைச் சேர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது ஈரோடு மாவட்டம் அந்தியூரை ஒட்டிய பர்கூர் மலையின் மாடு. புதிதாகச் சேரும் மாணவர்களிடம் இதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும்.

ஐந்தாம் படி: வரிசைப்படுத்தும் போட்டி

அமெரிக்க மன்றங்களிடமிருந்து நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டென்றால் இந்தப் போட்டிதான். நான்கு கிடேரிகளையோ நான்கு ஆடுகளையோ நிறுத்தி 1 முதல் 4 வரை எண் கொடுக்க வேண்டும். மாணவர்கள் யாரோடும் பேசாமல், சுற்றி வந்து பார்த்து, சிறந்ததிலிருந்து வரிசைப்படுத்தி எழுத வேண்டும். மருத்துவரும் அனுபவமுள்ள வளர்ப்பாளர் ஒருவரும் சேர்ந்து சரியான வரிசையை முன்பே முடிவு செய்து வைப்பார்கள்.

மதிப்பெண் மொத்தம் 50. நடுவர்கள் வரிசையை மட்டும் முடிவு செய்யாமல், அடுத்தடுத்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிக்கும் ஓர் எண் கொடுப்பார்கள். சரியான வரிசை 3, 1, 4, 2 என்றும் இடைவெளிகள் முறையே 3, 5, 2 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் இரண்டையும் மாற்றி 1, 3, 4, 2 என்று எழுதியவர் 3 மதிப்பெண் இழந்து 47 பெறுவார். நடுவிலுள்ள இரண்டை மாற்றி எழுதியவர் 5 இழந்து 45 பெறுவார். ஏறக்குறைய சமமான இரண்டு மாடுகளை மாற்றினால் சிறிய தண்டனை. தெளிவான வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டால் பெரிய தண்டனை.

வரிசை எழுதிய பிறகுதான் போட்டியின் சாரம் வருகிறது. ஒவ்வொருவரும் நடுவர் முன் நின்று, குறிப்பைப் பார்க்காமல், இரண்டு நிமிடம் காரணம் சொல்ல வேண்டும். "மூன்றாம் எண் கிடேரியை முதலில் வைத்தேன். முதுகு நேராக இருக்கிறது, விலா விரிந்து தீவனம் எடுக்கும் இடம் கூடுதலாக இருக்கிறது, பின்னங்கால்கள் அகன்று மடிக்கு இடம் விட்டிருக்கின்றன, நான்கு காம்புகளும் சம இடைவெளியில் இருக்கின்றன. ஒன்றாம் எண் கிடேரியின் நெஞ்சு இதைவிட ஆழம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் நடையில் பின்காலை இழுக்கிறது" என்று ஒரு மாணவி சொல்லக் கேட்டால், அவள் அந்த மாட்டை உண்மையிலேயே பார்த்திருக்கிறாள் என்பது விளங்கும். தமிழில்தான் சொல்ல வைக்க வேண்டும். மேடைக் கூச்சம் உள்ள பிள்ளைகள்கூட, தங்களுக்குத் தெரிந்த மாட்டைப் பற்றி என்றால் தயங்காமல் பேசுவதைப் பார்க்கலாம்.

ஊரிலேயே நடத்துங்கள். விலங்குகளை வண்டியில் ஏற்றிக் கல்லூரிக்குக் கொண்டுவருவது அவற்றுக்கும் சிரமம், நோய் பரவவும் வழி. எருது விடும் விழாவோடு இதைச் சேர்க்காதீர்கள். அந்த விழாவுக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் தனி விதிமுறைகளும் உண்டு. அங்கே வரும் காளைகளின் இனத்தையும் பராமரிப்பையும் உரிமையாளர் வீட்டுக்கே போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஆறாம் படி: ஆண்டு முழுவதும் என்ன செய்வது

ஜூன் 1 உலகப் பால் தினம், ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினம், செப்டம்பர் 28 வெறிநோய் தினம், அக்டோபர் இரண்டாம் வெள்ளி முட்டை தினம், நவம்பர் 26 தேசியப் பால் தினம் என்று நாட்கள் வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பேனர் கட்ட வேண்டியதில்லை. வெறிநோய் தினத்தை மட்டும் விடாதீர்கள். அன்று அருகிலுள்ள பள்ளிக்குப் போய், நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஊசிக்குப் போக வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள்.

தடுப்பூசிப் பணி வேறு கணக்கில் ஓடும். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி. 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இதோடு கருச்சிதைவு நோய்க்கான ஊசியும் சேர்ந்தது. அது 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரே முறை போடப்படுவது. அந்த வயதைக் கடந்துவிட்டால் வாய்ப்பு போய்விடும் என்பதால், எந்தக் கன்று எந்த மாதத்தில் தகுதி பெறுகிறது என்று நோட்டைப் பார்த்துச் சொல்வது மன்றத்தின் கடமை. ஆடுகளுக்கு மழைக்கு முன் துள்ளுமாரி நோய் ஊசியும், ஆட்டுக்கொல்லி நோய் ஊசியும் முக்கியம்.

தீவனத்தில் நம் மண்ணுக்கே உரிய சில விஷயங்கள் உண்டு. இங்கே ராகித் தட்டு கிடைக்கிறது. வைக்கோலைவிட அதில் சுண்ணாம்புச்சத்து கூடுதல். கோடையில் பசுந்தீவனத்துக்குத் தட்டுப்பாடு வரும் ஊர்களில் உலர் தட்டை யூரியா கொண்டு பதப்படுத்திக் காட்டலாம்: 100 கிலோ தட்டுக்கு 4 கிலோ யூரியா, 60 லிட்டர் அளவுக்குத் தண்ணீர், காற்றுப் புகாமல் மூடி 21 நாள். யூரியாவைத் தண்ணீரில் முழுக்கக் கரைத்துத்தான் தெளிக்க வேண்டும். கட்டியாகத் தின்றாலோ கரைத்த தண்ணீரைக் குடித்தாலோ மாடு இறந்துவிடும். ஆகவே வேளாண் அறிவியல் நிலையத்தாரையோ மருத்துவரையோ வைத்துக்கொண்டு செய்யுங்கள். மழை பொய்த்து வாடிய இளஞ்சோளப் பயிரில் மாடுகளை விடக் கூடாது என்பதையும் வீடு வீடாகச் சொல்ல வேண்டும். அதில் உருவாகும் சயனைடு நஞ்சு சில நிமிடங்களில் கொல்லும்.

மாம்பழக் காலத்தில் மாங்கூழ் ஆலைகளின் தோலும் கழிவும் கிருஷ்ணகிரிப் பக்கம் மாட்டுத் தொட்டிக்கு வரும். கொஞ்சமாகப் பழக்கலாம். ஒரே நாளில் கூடை கூடையாகக் கொட்டினால் வயிற்றில் அமிலம் ஏறி மாடு படுத்துவிடும். மாட்டுப் பொங்கலன்றும் இதே ஆபத்து. அன்போடு ஊட்டும் பொங்கலும் சோறும் பழமும் அளவு மீறினால் மாட்டுக்கு நஞ்சாகிவிடும். பொங்கலுக்கு முந்தைய வாரம் உங்கள் ஊரின் எல்லா வீட்டுக்கும் ஒருமுறை போய்விடுங்கள். ஒரு கைப்பிடி ஊட்டிப் பூசையை முடித்துவிட்டுப் பசும்புல்லைப் போடச் சொல்லுங்கள். மன்றம் ஆண்டு முழுவதும் செய்யும் வேலைகளில் ஒரு மாட்டையாவது நேரடியாகக் காப்பாற்றுவது இந்த ஒரு வாரமாகத்தான் இருக்கும் என்று நம்புகிறேன்.

ஏழாம் படி: கல்லூரி வளாகத்தில் ஒரு சிறு வளர்ப்பு

மாடு வேண்டாம். விடுமுறையில் பார்க்க ஆள் இருக்காது. ஐம்பது நாட்டுக்கோழிக் குஞ்சுகள் சரியான அளவு. அட்டையை வட்டமாக நிறுத்தி, நடுவில் பல்பைத் தொங்கவிட்டு, கீழே உமி பரப்புங்கள். உமியின் மேல் முதல் சில நாளைக்குச் செய்தித்தாள். குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்று வைத்துக்கொண்டால் ஐம்பதுக்கு 100 வாட். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்க வேண்டும். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளே நன்றாகச் சொல்லும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கினால் குளிர்கிறது. அட்டையோரம் ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு அதிகம். பரவலாக ஓடித் திரிந்தால் சரியாக இருக்கிறது. ஓசூர் பக்கத்துக் குளிரில் மார்கழியில் தொடங்க வேண்டாம். முதல் வாரத்திலேயே வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான சொட்டு மருந்து. அதை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

தீவனச் செலவு, இறப்பு, வாராந்திர எடை, விற்ற விலை ஆகியவற்றைச் சுவரில் எல்லோரும் பார்க்கும்படி எழுதி வையுங்கள். நட்டம் வந்தாலும் எழுதி வையுங்கள்.

பயணங்கள்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மத்திகிரியில் அரசின் மாவட்டக் கால்நடைப் பண்ணை; ஆங்கிலேயர் காலத்தில் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கிய இடம். காரிமங்கலம் பகுதியில் ஆலம்பாடி மாட்டின ஆராய்ச்சி மையம். குண்டல்பட்டியிலும் கிருஷ்ணகிரியிலும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையங்கள். பாப்பாரப்பட்டியிலும் எலுமிச்சங்கிரியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள். முன்கூட்டியே கடிதம் கொடுத்துப் போங்கள். கோழிப் பண்ணை ஒன்றுக்குப் போய்வந்தால் மூன்று நாளைக்கு வேறு கோழிப் பண்ணைக்குள் கால் வைக்காதீர்கள். செருப்பிலும் துணியிலும் நோய் ஒட்டி வரும்.

எட்டாம் படி: படிப்புக்கும் பிழைப்புக்கும் திறக்கும் வழிகள்

மன்றத்தில் இரண்டு ஆண்டு உழைத்தவருக்கு என்ன கிடைக்கும் என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்பது நியாயம்.

சொந்தமாகப் பண்ணை வைக்க நினைப்பவருக்கு தேசிய கால்நடை இயக்கத்தின் தொழில்முனைவோர் திட்டம் இருக்கிறது. முதலீட்டுச் செலவில் 50 சதவீதம் மானியம். 100 பெட்டை ஆடும் 5 கிடாவும் கொண்ட அலகுக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், 500 பெட்டையும் 25 கிடாவும் கொண்ட அலகுக்கு 50 லட்சம் வரையும், நாட்டுக்கோழிப் பண்ணைக்கு 25 லட்சம் வரையும் மானியம் உண்டு. மீதித் தொகைக்கு வங்கிக் கடனோ சொந்தப் பணமோ காட்ட வேண்டும். பயிற்சிச் சான்றோ அனுபவமோ வேண்டும். ஆனால் கல்லூரி முடித்த கையோடு நூறு ஆட்டில் இறங்காதீர்கள் என்று மனமாரச் சொல்கிறேன். பத்து ஆட்டை ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் வளர்த்துக் காப்பாற்றிய பிறகு விண்ணப்பியுங்கள். சிறிய அளவில் தொடங்குவோருக்கு நடைமுறை மூலதனமாக, கால்நடை வளர்ப்போருக்கும் நீட்டிக்கப்பட்ட கிசான் கடன் அட்டை போதும்.

வேலை தேடுவோருக்குப் பால் பதப்படுத்தும் நிலையங்கள், குஞ்சுப் பொரிப்பகங்கள், தீவன ஆலைகள் எல்லாம் ஓசூர், கிருஷ்ணகிரி, நாமக்கல் வட்டாரத்திலேயே இருக்கின்றன. நேர்காணலில் உங்கள் நோட்டின் நகலை, வீட்டுக்காரர் பெயர்களை மறைத்துக் கொண்டுபோங்கள். கால்நடை, பால்வள, வேளாண் பட்டம் பெற்றவர்கள் வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வையும் எழுதலாம். பிளஸ் டூ படிக்கும் தம்பி தங்கைகள் இருந்தால், ஐந்தரை ஆண்டுக் கால்நடை மருத்துவப் படிப்பு மட்டுமல்லாமல், மத்திகிரியில் நான்காண்டுக் கோழியினத் தொழில்நுட்பப் படிப்பும் இருக்கிறது என்று சொல்லுங்கள். நம் மாவட்டத்திலேயே இருக்கும் அந்தப் படிப்பு பல வீடுகளுக்குத் தெரியாது.

ஒன்பதாம் படி: பாதுகாப்பும் பணமும்

கன்று வீசிய (குறைமாதத்தில் கரு கலைந்த) மாட்டின் கருவையோ நஞ்சுக்கொடியையோ வெறும் கையால் தொடாதீர்கள்; கருச்சிதைவு நோய் மனிதருக்கும் வரும். திடீரென்று இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் கசிந்த மாட்டின் அருகே யாரையும் விடாமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். தோலை உரிப்பதோ உடலை அறுப்பதோ கூடவே கூடாது. உறுப்பினர்கள் அனைவரும் டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும். வெறிநோய் முன்தடுப்பு ஊசி பற்றி அரசு மருத்துவமனையில் கேளுங்கள். மாட்டின் பின்னால் நேராக நிற்காதீர்கள். ரப்பர் பூட்ஸ் ஒவ்வொருவருக்கும் தனியாக வேண்டும். ஒரு தொழுவத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் அதைக் கழுவுங்கள்.

பணம் பெரிதாகத் தேவைப்படாது. நாடா, தெர்மாமீட்டர், கிண்ணங்கள், கையுறை, நோட்டு ஆகியவற்றுக்கு உறுப்பினர் சந்தாவே போதும். தீவன நிறுவனமோ மருந்துக் கடையோ பணம் தர முன்வந்தால் பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள். எந்தப் பொருளையும் வாங்கச் சொல்லி நீங்கள் போகும் வீட்டாரிடம் பேசக் கூடாது. ஒருமுறை விற்கப் போனவர் என்று பெயர் எடுத்துவிட்டால், அடுத்த முறை யாரும் மனம் திறந்து பேசமாட்டார்கள்.

கடைசிப் படி: ஒப்படைப்பு

மூன்றாம் ஆண்டு மாணவர்கள் தேர்வு எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். மன்றங்கள் நின்றுபோவது இங்கேதான். ஆகவே புதிய செயலாளரை ஜனவரியிலேயே தேர்ந்தெடுத்து, ஏப்ரல் வரை பழையவரோடு எல்லா ஞாயிறும் ஊருக்கு அனுப்புங்கள். வீட்டாரிடம், "அம்மா, அடுத்த வருஷம் இந்தத் தங்கைதான் வருவாள்" என்று முகம் காட்டிச் சொல்ல வேண்டும். நோட்டின் மூலப் பிரதி கல்லூரி நூலகத்தில். கைப்பிரதி புதிய செயலாளரிடம். சினையாக இருக்கும் மாடுகள், அவை ஈன வேண்டிய தேதிகள், கருச்சிதைவு நோய் ஊசிக்கு வயது வரப்போகும் கன்றுகள் ஆகிய மூன்றையும் தனித்தாளில் எழுதி முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். கோடை விடுமுறையிலும் அந்தத் தாளில் உள்ள வீடுகளுக்குப் போய்வர, அந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோ வசிக்கும் இரண்டு உறுப்பினர்களின் பெயரை அதன் கீழே எழுதுங்கள்.